"உடைந்தவை" என்று எழுதிய குப்பி: கீரிப்பாறை ஓடையில் இரண்டு கேடிஸ் ஈ சிற்றினங்கள், ஒரு நிகழ்வு ஆய்வு

எங்கள் கல்லூரி விலங்கியல் துறையில் மூன்று ஆண்டுகளாக நடந்த ஒரு வேலையின் பதிவு இது. இரண்டு புதிய கேடிஸ் ஈ சிற்றினங்களை விவரிக்கக் கிளம்பினோம். கடைசியில் ஒன்றைத்தான் புதிது என்று சொல்ல முடிந்தது. அதைவிட முக்கியமானது, எந்தப் புழு எந்த ஈயின் குஞ்சு என்பதை நேர் தலைகீழாக எழுதி, அனுப்ப இருந்த வாரத்தில் நிறுத்தினோம். எங்கே பிசகினோம், எது காட்டிக்கொடுத்தது என்பதை வரிசையாக எழுதி வைத்தால், ஓடைப் பூச்சிகளில் வேலை செய்யும் மற்ற கல்லூரி மாணவர்களுக்கு உதவும். சம்பந்தப்பட்டவர்கள் யார் என்று தெரியக்கூடாது என்பதால் புதிய சிற்றினத்தின் பெயரையும் இங்கே தரவில்லை.

பின்னணி

கேடிஸ் ஈ என்று சொன்னாலும் அது ஈ அல்ல. ட்ரைக்கோப்டெரா என்ற தனி வரிசை. கிரேக்கத்தில் "முடி இறகு" என்று பொருள். விட்டில் பூச்சி மாதிரி இருக்கும், ஆனால் சிறகில் செதிலுக்குப் பதில் முடி. பட்டாம்பூச்சி, விட்டில் வரிசைக்கு மிக நெருங்கிய உறவு இதுதான். இரண்டும் 25 கோடி ஆண்டுகளுக்கும் முன்பே பிரிந்துவிட்டன. உலகம் முழுவதும் 16,000-க்கு மேற்பட்ட சிற்றினங்களுக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள்.

புழு தண்ணீரில் வாழும். வாயிலிருந்து பட்டு நூல் விடும். சில குடும்பங்கள் அந்த நூலால் கல்லிடுக்கில் வலை கட்டி, ஓடி வருவதைப் பிடித்துத் தின்னும். வேறு சில, மணலையோ இலைத் துண்டையோ குச்சியையோ ஒட்டிக் குழாய் மாதிரி ஒரு கூடு செய்து, போகிற இடமெல்லாம் சுமந்துகொண்டு போகும். எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்துக் காளிகேசத்தில் குளிக்கப் போகிறவர்கள் கல்லைப் புரட்டினால் பார்க்கலாம். குச்சி நகர்வது போல இருக்கும்.

கூட்டை மட்டும் பார்த்து முடிவு செய்வது எவ்வளவு ஆபத்து என்பதற்கு இந்தத் துறையிலேயே பழைய உதாரணம் இருக்கிறது. ஹெலிகோப்சைக்கி என்ற பேரினத்தின் புழு மணலில் நத்தை ஓடு போலச் சுருண்ட கூடு கட்டும். 1834-இல் ஐசக் லீ என்ற அமெரிக்க நத்தை ஆய்வாளர் அந்தக் கூட்டைப் பார்த்து, புதிய நத்தை என்றே விவரித்துப் பெயர் வைத்துவிட்டார். இதை வகுப்பில் நானே பலமுறை சொல்லியிருக்கிறேன். அப்படியும் எங்களுக்கு இது நடந்தது.

வேலை தொடங்கியது வகைப்பாட்டுக்காக அல்ல. கீரிப்பாறைக்குக் கீழே ரப்பர் தோட்டங்கள் வழியாக இறங்கும் ஒரு ஓடையின் நீர் எவ்வளவு நன்றாக இருக்கிறது என்று பார்ப்பதுதான் ஆய்வு மாணவியின் தலைப்பு. மேஃப்ளை, ஸ்டோன்ஃப்ளை, கேடிஸ் மூன்றின் புழுக்களும் அழுக்கைத் தாங்காதவை. அவை எத்தனை வகை இருக்கின்றன என்று எண்ணினால் ஓடையின் நிலை தெரியும். மாணவி குலசேகரம் பக்கத்துக்காரர். அப்பா ரப்பர் வெட்டுத் தொழிலாளி. அதிகாலையில் தோட்டத்துக்குள் நடப்பது அவருக்குப் புதிதில்லை.

இரண்டு இடங்களை வைத்துக்கொண்டோம். "கீழ் நிலையம்" ஒரு தனியார் தோட்டத்துக்குள், உரிமையாளர் அனுமதியோடு. "மேல் நிலையம்" காட்டுக்குள், வனத்துறை அனுமதியோடு. மாவட்டத்தின் காடுகளில் பெரும்பகுதி கன்னியாகுமரி வனவிலங்கு சரணாலயத்தில் அடங்குவதால், ஒரு புழுவை எடுக்கவும் எழுத்தில் அனுமதி வேண்டும்.

முதல் ஆண்டில் கண்டவை

நம் மாவட்டத்துக்கு இரண்டு மழை. ஆனி ஆடிச் சாரலும் உண்டு, ஐப்பசி கார்த்திகை மழையும் உண்டு. ஓடை வற்றாமல் இருப்பதற்கு அதுதான் காரணம். எங்கள் திட்டம் பாழானதற்கும் அதுவே காரணம். டிசம்பரில் இரண்டு நிலையங்களிலும் எடுக்க வேண்டியிருந்தது. மழையில் மேலே போகும் பாதை அறுந்துவிட்டதால் கீழ் நிலையத்தில் மட்டும் எடுத்தோம். மேல் நிலையத்துக்குப் போக முடிந்தது பிப்ரவரியில், கும்பப்பூ நெல் அறுவடை தொடங்கும் சமயம்.

டிசம்பரில் கீழே கிடைத்தவை பெரும்பாலும் மணல் குழாய்க் கூடுகள். விரல் நகத்தைவிடச் சின்னவை. பிப்ரவரியில் மேலே கிடைத்தவை பெரும்பாலும் இலைக் கூடுகள். இலையைச் சதுரத் துண்டுகளாக வெட்டி நாலு பக்கமும் ஒட்டி, தீப்பெட்டியை நீட்டின மாதிரி. இரண்டிலும் புழுவின் உணர்கொம்பு கண்ணை ஒட்டியே இருந்தது, வயிற்றின் முதல் கணுவில் முதுகுப்பக்கத் திமில் இல்லை. இந்த இரண்டு அடையாளமும் சேர்ந்தால் லெபிடோஸ்டோமாட்டிடே குடும்பம். அதுவரை சரி.

ஏப்ரலில் விளக்குப் பொறி வைத்தோம். வெள்ளை வேட்டியைக் கட்டி, முன்னால் புற ஊதா விளக்கு, கீழே சோப்புத் தண்ணீர் ஊற்றிய தட்டு. இரண்டு நிலையங்களிலும் லெபிடோஸ்டோமா பேரினத்து ஆண்கள் வந்தன. இந்தப் பேரினத்து ஆண்களுக்கு உணர்கொம்பின் முதல் கணுவும் வாயருகே உள்ள உணரிகளும் விசித்திரமாக வளர்ந்து, செதில் போன்ற முடி அடர்ந்திருக்கும். பேரினப் பெயருக்கே "செதில் வாய்" என்றுதான் பொருள். கீழே வந்தவற்றில் முதல் கணு நீளம், நடுவில் ஒரு பல். மேலே வந்தவற்றில் கணு குட்டை, பல் இல்லை. வயிற்று நுனியைப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் ஊறவைத்துச் சதையைக் கரைத்துப் பார்த்தபோது, இனப்பெருக்க உறுப்பும் இரண்டிலும் வேறு வேறாக இருந்தது. கேடிஸ் சிற்றினங்களைப் பிரித்துச் சொல்ல ஆணின் இந்த உறுப்புதான் முதல் சாட்சி. கீழ் வகையை "அ" என்றும் மேல் வகையை "ஆ" என்றும் குறித்தோம்.

எங்கள் கையில் இருந்த விவரிப்புகளில் இரண்டுக்கும் பொருத்தம் கிடைக்கவில்லை. இந்திய கேடிஸ்களைப் பற்றி 1930-களில் மார்ட்டின் மோஸ்லி நிறைய எழுதினார். அவருக்குப் பிறகு ஃபெர்னான் ஷ்மிட். ஷ்மிட் 1958-இல் வெளியிட்ட இலங்கை ஆய்வு பிரெஞ்சில் இருக்கிறது. மாணவி அகராதியை வைத்துக்கொண்டு ஒரு மாதம் அதோடு மல்லுக்கட்டினார்.

வரைவு

ஜூலைக்குள் கட்டுரை தயார். இரண்டு புதிய சிற்றினங்கள், இரண்டுக்கும் புழு விவரிப்பு. மணல் கூட்டுப் புழு "அ"-வின் குஞ்சு, இலைக் கூட்டுப் புழு "ஆ"-வின் குஞ்சு. கீழே மணல் கூடு, கீழே "அ". மேலே இலைக் கூடு, மேலே "ஆ". தர்க்கம் இவ்வளவுதான். எழுதியபோது எனக்கும் இதில் ஓட்டை தெரியவில்லை. துறையில் இதைப் படித்த இரண்டு பேருக்கும் தெரியவில்லை.

இன்று பார்த்தால் ஓட்டை கண்ணுக்கு முன்னால் நிற்கிறது. கீழ் நிலையம் என்று நாங்கள் சொன்னது உண்மையில் டிசம்பர். மேல் நிலையம் என்று சொன்னது பிப்ரவரி. இடமும் காலமும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு விட்டன. எந்த வித்தியாசம் இடத்தால் வந்தது, எது மாதத்தால் வந்தது என்று பிரிக்க எங்களிடம் ஒரு மாதிரிகூட இல்லை.

குப்பி

படத்தகட்டுக்காக நல்ல கூடுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்த மாணவி, ஒரு நாள் மதியம் என் மேசைக்கு ஒரு குப்பியைக் கொண்டு வந்தார். மேலே "உடைந்தவை" என்று அவர் கையெழுத்திலேயே ஒட்டியிருந்தது.

"சார், இதைக் கொஞ்சம் பாருங்க. இதெல்லாம் உடைஞ்சதுன்னு ஒதுக்கி வச்சேன். ஆனா எல்லாம் ஒரே மாதிரி உடைஞ்சிருக்கு."

பத்துப் பன்னிரண்டு கூடுகள். ஒவ்வொன்றிலும் பின்பாதி மணல் குழாய், முன்பாதி இலைச் சதுரம். உடைந்த கூடு இப்படி இருக்காது. புழு கூட்டை நீட்டுவது முன்பக்கமாக. பின்பக்கம் பழையது, முன்பக்கம் புதியது. அப்படியானால் சின்ன வயதில் மணலில் தொடங்கிய ஒரே புழு, வளர்ந்த பிறகு இலைக்கு மாறியிருக்கிறது. லெபிடோஸ்டோமாவின் பல சிற்றினங்களில் இப்படி நடக்கும் என்பது தெரிந்த செய்திதான். எங்கள் ஓடையில் நடக்கலாம் என்று யோசிக்காமல் விட்டோம்.

அன்றே தலையின் அகலத்தை அளக்கத் தொடங்கினோம். பூச்சியின் தலை ஓடு தோலுரிக்கும்போது மட்டும்தான் பெருக்கும், அதுவும் படிப்படியாக, ஏறக்குறைய ஒரே விகிதத்தில். 1890-இல் ஹாரிசன் டயர் சொன்ன விதி அது. கேடிஸ் புழு பொதுவாக ஐந்து பருவம் கடக்கும். அளந்த புள்ளிகளைத் தாளில் போட்டபோது ஐந்து கொத்தாக விழுந்தன. மணல் கூடுகள் சின்னத் தலைக் கொத்துகளில். இலைக் கூடுகள் பெரிய தலைக் கொத்துகளில். பாதி மணல் பாதி இலை, நடுவில்.

ஆனால் நாலைந்து புள்ளிகள் அடங்கவில்லை. மணல் கூடு, ஆனால் தலை ஐந்தாம் பருவ அளவு. அளவெடுத்ததில் பிழை என்று முதலில் நினைத்தேன். மாணவி திரும்ப அளந்தார். பிழை இல்லை.

எடுத்த முடிவுகள், காரணங்கள்

கட்டுரையை நிறுத்தினோம். மாணவிக்கு இது எளிதாக இருக்கவில்லை. ஆய்வேட்டுக்கு வெளியீடு வேண்டும், உதவித்தொகைக் காலம் ஓடிக்கொண்டிருந்தது. ஆண்களின் விவரிப்பை மட்டும் அனுப்பிவிட்டுப் புழுப் பகுதியை நீக்கிவிடலாமா என்று கேட்டார். நியாயமான கேள்வி. நான் வேண்டாம் என்றதற்குக் காரணம் இதுதான். புழுவைத் தப்பாகச் சேர்த்த அதே அவசரம் ஆண்களைப் புதிது என்று சொன்னதிலும் இருக்கலாம். ஒரு பெயர் அச்சில் ஏறிவிட்டால் அதை எடுக்க முடியாது. பிழையான பெயரும் விலங்கியல் பெயரிடல் விதிகளின்படி இணைப்பெயராக என்றைக்கும் பட்டியலில் நிற்கும். பின்னால் வருகிறவர்கள் ஒவ்வொருவரும் அதைச் சுமக்க வேண்டும்.

மூன்று வேலைகளைப் பிரித்துக்கொண்டோம். புழுவையும் ஈயையும் இணைக்க நேரடிச் சான்று தேடுவது முதல் வேலை. பழைய விவரிப்புகளின் மூல மாதிரிகளையே பார்ப்பது இரண்டாவது. ஒரே மாதத்தில் எல்லா இடங்களிலும் எடுப்பது மூன்றாவது. வேறு மாநிலத்தில் இருக்கும் மூத்த வகைப்பாட்டாளர் ஒருவரிடம் படங்களை அனுப்பிக் கேட்டோம். அவர் திரும்பக் கேட்ட முதல் கேள்வி, "பியூப்பா பார்த்தீர்களா?" புழு ஈயாக மாறும் முன் கூட்டுக்குள் அடைபட்டுக் கிடக்கும் பருவம் அது.

பார்க்கவில்லை.

வளர்ப்பு தோற்றது

பியூப்பாவுக்கு முன், புழுவை ஆய்வகத்தில் வளர்த்து ஈயாக்கிவிடலாம் என்று முயன்றோம். முதல் தொகுதி நாலு நாளில் செத்தது. ஓடைத் தண்ணீருக்கும் நாகர்கோவில் வெயிலில் சூடேறிய தொட்டித் தண்ணீருக்கும் உள்ள வித்தியாசத்தை அவை தாங்கவில்லை. காற்றுக் குமிழி விட்டும் பயனில்லை. இரண்டாவது தடவை, கம்பிவலைக் கூடைகளில் புழுவை விட்டு ஓடையிலேயே கல்லில் கட்டி வைத்தோம். அது சரியான வழிதான், காலம் சரியில்லை. அக்டோபர் மழையில் ஒரே இரவில் கூடைகள் போய்விட்டன. தோட்டத்துக் காவலாளி அடுத்த நாள் போனில், "சாரே, கூடையும் இல்ல, கூடை கட்டின கல்லும் இல்ல" என்றார்.

பியூப்பா

மார்ச்சில் பியூப்பா தேடினோம். புழு முழு வளர்ச்சி அடைந்ததும் கூட்டைக் கல்லடியிலோ மரத்துண்டிலோ ஒட்டி, இரண்டு வாயையும் பட்டால் அடைத்துக்கொண்டு உள்ளே உருமாறும். இதில் வகைப்பாட்டாளருக்கு இயற்கை ஒரு பெரிய உதவி செய்து வைத்திருக்கிறது. புழுவாக இருந்தபோது போர்த்தியிருந்த தலை ஓடும் மார்புத் தகடுகளும் உரிந்து, கூட்டின் பின்மூலையில் அப்படியே கிடக்கும். முதிர்ந்த ஆண் பியூப்பாவாக இருந்தால், தோலுக்கடியில் ஈயின் இனப்பெருக்க உறுப்பு முழுமையாக உருவாகியிருக்கும். ஆக ஒரே கூட்டுக்குள் புழுவின் அடையாளமும் இருக்கிறது, ஈயின் அடையாளமும் இருக்கிறது. வளர்க்க வேண்டாம், மரபணு வேண்டாம். ஒரு கூர்மையான ஊசியும் பொறுமையும் போதும்.

இந்தச் சான்று முதல் ஆண்டிலேயே நாங்கள் புரட்டிய கல்லுக்கடியில் இருந்தது. எங்கள் வலை நகரும் புழுவுக்காகச் செய்தது. ஒட்டிக்கொண்டிருக்கும் பியூப்பா அதில் விழாது. கையால் ஒவ்வொரு கல்லாக எடுத்துப் பார்க்க வேண்டும். இரண்டு நிலையங்களிலும் ஒரே வாரத்தில் அப்படிப் பார்த்தோம். காணி பழங்குடியினர் குடியிருப்பைச் சேர்ந்த ஒரு பெரியவர் மேல் நிலையத்துக்கு வழிகாட்டியாக வந்திருந்தார். நாங்கள் ஓடையின் நடுவிலேயே தேடிக்கொண்டிருந்தபோது, ஓரப் பாறையில் தண்ணீர் கசிந்து வழியும் இடத்தைக் காட்டி, "இங்கயும் அதே கூடு இருக்கே" என்றார். பாறையில் ஒரு விரல்கூட நனையாத அளவு நீர்ப்படலம். அதில் மணல் கூடுகள் ஒட்டியிருந்தன. அவற்றின் வாய் பட்டால் அடைபட்டிருந்தது.

ஆய்வகத்தில் திறந்து பார்த்ததில் வந்த விடை இது. ஓடையில் இருந்த இலைக் கூட்டுப் பியூப்பாக்கள், கீழேயும் மேலேயும், எல்லாமே "அ". கசிவுப் பாறையில் இருந்த மணல் கூட்டுப் பியூப்பாக்கள் "ஆ". அதாவது "அ" சின்ன வயதில் மணலும் வளர்ந்தபின் இலையும் கட்டுகிறது. "ஆ" கடைசிவரை மணலே கட்டுகிறது. வரைபடத்தில் அடங்காத அந்த நாலைந்து பெரிய தலைப் புள்ளிகள், மழையில் பாறையிலிருந்து ஓடைக்குள் அடித்து வரப்பட்ட "ஆ" புழுக்கள். எங்கள் வரைவில் மணல் "அ", இலை "ஆ" என்று இருந்தது. நேர் தலைகீழ்.

மரபணுவும் இதையே சொன்னது, ஆனால் தாமதமாக. முதல் ஆண்டுப் புழுக்களை நீர்த்தர ஆய்வின் வழக்கப்படி ஃபார்மலினில் போட்டிருந்தோம். ஃபார்மலின் மரபணுவைச் சிதைத்துவிடும். அவற்றிலிருந்து ஒன்றும் வரவில்லை. புதிதாக 95 சதவீத ஆல்கஹாலில் எடுத்தவற்றில்தான் சிஓ1 என்ற மரபணுத் துண்டின் 658 எழுத்துகள் கிடைத்தன. பியூப்பா சொன்னதற்கும் அதற்கும் ஒரு முரணும் இல்லை.

பழைய படம்

இணைப்பு தெளிந்த பிறகுதான் "ஆ"-வைப் பற்றிய சந்தேகம் எழுந்தது. மேற்குத் தொடர்ச்சி மலையில் நமக்கு வடக்கே விவரிக்கப்பட்ட ஒரு சிற்றினத்தின் பழைய படம், மேலிருந்து பார்த்த ஒரே ஒரு கோணத்தில், காய்ந்த மாதிரியிலிருந்து வரையப்பட்டது. எங்கள் "ஆ"-வின் பற்றுறுப்பு (இனச்சேர்க்கையில் பெண்ணைப் பிடிக்கும் உறுப்பு) இரண்டாகப் பிளந்தது, அந்தப் படத்தில் பிளவில்லை. இதை வைத்துத்தான் புதிது என்று எழுதியிருந்தோம். அந்த மாதிரி இருக்கும் அருங்காட்சியகத்துக்கு எழுதி, பக்கவாட்டில் எடுத்த புகைப்படம் கேட்டோம். இரண்டு மாதத்தில் வந்தது. பிளவு இருந்தது. மேலிருந்து பார்த்தால் ஒரு கிளை இன்னொன்றின் பின்னால் ஒளிந்துகொள்கிறது. எங்கள் மாதிரியையே அதே கோணத்துக்குச் சாய்த்துப் பார்த்தோம், பழைய படம் அப்படியே தெரிந்தது.

ஆக "ஆ" புதிதல்ல. மாணவி அன்று சோர்ந்து போனார். எனக்கு அந்தப் பழைய ஓவியர் மேல் மரியாதைதான் வந்தது. அவர் பார்த்ததைச் சரியாகத்தான் வரைந்திருக்கிறார். ஒரே கோணத்தை முழு உருவமாக எடுத்துக்கொண்டது நாங்கள்.

உறவும் பரவலும்

வரைவில் "பரிணாம உறவு" என்று ஒரு பகுதி இருந்தது. அதில் இரண்டு பிழைகள். ஆணின் செதில் முடியைக் காட்டி, இது பட்டாம்பூச்சிகளோடு உள்ள நெருக்கத்தின் அடையாளம் என்று ஒரு வரி எழுதியிருந்தோம். கேடிஸ்களில் சில ஆண்களுக்கு வரும் செதில் முடி தனியாகத் தோன்றியது, பட்டாம்பூச்சிச் செதிலோடு அதற்கு வம்ச உறவு இல்லை. ஒரே மாதிரி இருப்பது வேறு, ஒரே மூதாதையிடமிருந்து வந்திருப்பது வேறு. 1950-இல் வில்லி ஹென்னிக் வலியுறுத்தியது இதைத்தான். ஒரு கிளையில் மட்டும் புதிதாகத் தோன்றிப் பகிரப்படும் பண்புதான் உறவுக்குச் சான்று. எல்லோரிடமும் பழைய காலத்திலிருந்தே இருக்கும் பண்பு எதையும் காட்டாது.

இரண்டாவது பிழை, சிஓ1 ஒன்றை வைத்து வரைந்த கிளை மரம். எவை எவை ஒரே சிற்றினம் என்று சொல்ல அந்தத் துண்டு நல்ல துணை. வேகமாக மாறும் துண்டு என்பதால், பழைய கிளைப்பிரிவுகளில் அதன் சாட்சி குழம்பிவிடும். உட்கரு மரபணுக்களும் பக்கத்து நாட்டுச் சிற்றினங்களின் திசுவும் வேண்டும். எங்களிடம் இலங்கைத் திசு இல்லை. "அ"-வின் உணர்கொம்புப் பல்லை ஒத்த ஒன்றை இலங்கைச் சிற்றினம் ஒன்றின் படத்தில் பார்த்தோம். அவை சகோதரக் கிளைகளாக இருக்கலாம் என்பதைக் கருதுகோளாக மட்டும் எழுதி, மரத்தை நீக்கினோம்.

அந்தக் கருதுகோள் எனக்குப் பிடித்தமானது, அதனாலேயே அதில் அதிகக் கவனமாக இருக்கிறேன். சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், கடல்மட்டம் 120 மீட்டர் அளவுக்குத் தாழ்ந்திருந்தபோது பாக் நீரிணை தரையாக இருந்தது. அதனால் இலங்கைக்கும் நமக்கும் பொதுவான உயிர்கள் எல்லாம் நடந்து போய் வந்தன என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். குளிர்ந்த மலை ஓடையில் வாழும் பூச்சிக்கு நடுவில் இருந்த வறண்ட சமவெளி கடலைப் போலவே ஒரு தடை. பிரிவு அதைவிட மிகப் பழையதாக இருக்கலாம். திசு கிடைத்தால்தான் பேச முடியும்.

பரவல் வரைபடமும் மாற்றப்பட்டது. முதல் வரைபடத்தில் எங்கள் புள்ளிகள் கீரிப்பாறை, காளிகேசம், உலக்கை அருவி என்று விழுந்தன. ஒரு நாள் அதைத் தார்ச்சாலை வரைபடத்தின் மேல் வைத்துப் பார்த்தோம். ஜீப் போகும் இடங்களில் மட்டும் புள்ளி. நாங்கள் வரைந்தது பூச்சியின் பரவலை அல்ல, எங்கள் நடமாட்டத்தை. அதோடு, விளக்குப் பொறிக்கு வரும் ஈ எங்கே பிறந்தது என்று சொல்லாது. மேல் நிலைய விளக்குக்கு "ஆ" மட்டும் வந்ததால், அந்த ஓடையே "ஆ"-வின் ஓடை என்று நம்பினோம். அது பக்கத்துப் பாறையிலிருந்து வந்தது.

திருத்திய வரைபடத்தில் மூன்று குறிகள்: கண்டது, தேடியும் காணாதது, தேடாதது. செங்கோட்டைக் கணவாய்க்குத் தெற்கே உள்ள மலைத்தொடரில் பெரும்பகுதி மூன்றாவது குறியில்தான் இருக்கிறது. பேச்சிப்பாறை, பெருஞ்சாணி அணைகளுக்குக் கீழே மூன்று இடங்களில் தேடினோம். அங்கே வலை கட்டும் ஹைட்ரோப்சைக்கிடே குடும்பம்தான் கல்லுக்குக் கல் இருந்தது, லெபிடோஸ்டோமா ஒன்றுகூட இல்லை. இலைச்சருகைத் தின்னும் புழுவுக்கு, அணையிலிருந்து வரும் சருகில்லாத தண்ணீரில் வேலையில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கீழ் நிலையத்து "அ" கூடுகள் பலவற்றில் சதுரத் துண்டுகள் ரப்பர் இலையிலிருந்து வெட்டியவை. ஜனவரி, பிப்ரவரியில் ரப்பர் இலை உதிர்க்கும் சமயமும் புழு மணலிலிருந்து இலைக்கு மாறும் சமயமும் சேர்ந்து வருகிறது. காட்டு மரம் போய் ரப்பர் வந்த இடத்தில் இந்தப் பூச்சி எப்படிப் பிழைத்தது என்பதற்கு இது ஒரு தடயம். ஓடைக்கரையில் மரமே இல்லாத வாழைத் தோட்டப் பகுதியில் அது கிடைக்கவில்லை.

விளைவு

கட்டுரை ஒன்றரை ஆண்டு தாமதமாகப் போனது. ஒரு புதிய சிற்றினம், புழு, பியூப்பா, ஆண் மூன்றும் சேர்ந்து. ஏற்கெனவே தெரிந்த ஒரு சிற்றினத்துக்குத் தெற்கில் புதிய இடம், கூடவே அதன் புழுவின் முதல் விவரிப்பு. ஒரு திருத்தத்துக்குப் பிறகு ஏற்றுக்கொள்ளப்பட்டது. 2002-ஆம் ஆண்டு உயிரியல் பன்முகத்தன்மைச் சட்டத்தின் 39-ஆம் பிரிவு, புதிய உயிரினம் எதுவானாலும் அங்கீகரித்த காப்பகத்துக்குத் தெரிவித்து மாதிரியைக் கொடுக்க வேண்டும் என்கிறது. அதன்படி ஹோலோடைப்பை, அதாவது புதிய பெயருக்கு ஆதாரமான ஒற்றை மாதிரியை, ஜூலாஜிக்கல் சர்வே ஆஃப் இந்தியாவில் ஒப்படைத்தோம். மாணவிக்கு உதவித்தொகை இல்லாமல் எட்டு மாதம் ஓட்ட வேண்டியிருந்தது. அந்தச் செலவை எந்தக் கட்டுரையிலும் எழுத இடமில்லை, அதனால் இங்கே எழுதுகிறேன்.

மாற்றிக்கொண்டவை

இப்போது ஒரு கூடு, ஒரு புழு, ஒரு குப்பி. ஆல்கஹாலில் போட்டதும் புழு கூட்டை விட்டு வெளியே வந்துவிடும். பத்தைச் சேர்த்துப் போட்டால் எது எதன் கூடு என்பது போய்விடும். அதனால் ஆல்கஹாலுக்கு முன் போனிலாவது ஒரு படம் எடுக்கிறோம்.

"உடைந்தவை" குப்பி இன்னும் மேசையில் இருக்கிறது. ஆனால் இனி யாரும் அப்படி ஒரு சீட்டு ஒட்டுவதில்லை. ஒதுக்குகிற ஒவ்வொன்றுக்கும் ஏன் ஒதுக்கினோம் என்று ஒரு வரி எழுத வேண்டும்.

பாதை அறுந்தால், போக முடிந்த இடத்தில் மட்டும் எடுத்து வைப்பதில்லை. இரண்டு இடத்துக்கும் போக முடிகிற வாரம் வரை காத்திருக்கிறோம், முடியாவிட்டால் அந்த மாதத்தை வெறுமையாக விடுகிறோம். இது கேட்க எளிது. திட்ட அறிக்கையில் வெறுமையான மாதத்தைக் காட்டுவது எளிதல்ல. ஓடையின் ஓரத்தில் கசிவுப் பாறை இருந்தால், நடு ஓடையைத் தொடுவதற்கு முன் அதைப் பார்க்கிறோம்.

முடியாத வேலைகளும் இருக்கின்றன. "அ"-வின் பெண் இன்னும் விவரிக்கப்படவில்லை. பெண்களில் வித்தியாசம் மிக நுணுக்கம், மரபணுவால் இணைத்த மூன்றே மூன்று பெண்கள்தான் கையில் உள்ளன. மேல் கோதையாறு பக்கத்து ஓடைகளில் தேடுவதற்கான விண்ணப்பம் வனத்துறையில் இருக்கிறது. அனுமதி கிடைத்தால் மார்ச்சுக்குள் போக வேண்டும். தாமதமானால் பியூப்பா எல்லாம் ஈயாகிப் பறந்துவிடும், அப்புறம் அடுத்த ஆண்டுதான்.